பட்டியல் சுத்தக்காரர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளாக்குக்கு ஒரு பட்டியல் சுத்தக்காரராவது இருப்பார். பொறியியல் முடித்து, பைத்தான் கற்று, வேலைக்கான உத்தரவுக்குக் காத்திருப்பவர். கோயில் கமிட்டியிலோ குடியிருப்போர் சங்கத்திலோ பெயர்ப் பட்டியல் குளறுபடியானால், "தம்பி, இதைக் கொஞ்சம் சரிபண்ணிக் குடுப்பா" என்று பென் டிரைவோடு யாராவது வந்துவிடுவார்கள்.

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எடுக்க அதைவிடப் பல மடங்கு மேல்மண்ணை அள்ள வேண்டும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கணக்கு. பட்டியலிலும் அப்படித்தான்: பெயர் கொஞ்சம், இரட்டை இடைவெளி, நட்சத்திரக்குறி, அடைப்புக்குறி, 'திரு.' எல்லாம் ஏராளம்.

சுத்தக்காரர் முதலில் கையில் எடுப்பது பைத்தானின் 'எல்ஸ்ட்ரிப்'. அதற்கு 'திரு.' என்று கொடுத்து, பின்னால் ஒரு இடைவெளியும் வைத்தால், அது அதை ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை. த, இகரக் குறி, ர, உகரக் குறி, புள்ளி, இடைவெளி என்ற ஆறையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, இடப்பக்கமிருந்து அவை எந்த வரிசையில் வந்தாலும் தின்றுகொண்டே போகும். 'திரு. திருநாவுக்கரசு' நாவுக்கரசு ஆகிவிடுவார். பக்கத்துப் பண்ருட்டி வட்டத்துத் திருவாமூரில் பிறந்த அப்பரின் பெயரும் அதுவே என்பதால் யாரும் கவனிப்பதில்லை. 'திரு. ரவி' வெறும் 'வி' ஆவார். 'திரு. துரை'யின் கதிதான் பரிதாபம். த, உகரக் குறி, ர மூன்றும் போய், மிஞ்சுவது புள்ளி வட்டத்தில் தொங்கும் ஓர் ஐகாரக் குறி. "என்னப்பா, என் பேரு எங்க?" என்று துரை சார் வாசலில் வந்து நிற்பார்.

முன்னொட்டை முழுச் சொல்லாக நீக்குவதற்கென்றே 2020இல் வந்த பைத்தான் 3.9இல் 'ரிமூவ்பிரிஃபிக்ஸ்' இருக்கிறது. சுத்தக்காரர் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது துரை சார் வந்து போன பிறகே.

அடுத்து அவர் 'எழுத்தும் எண்ணும் இடைவெளியும் தவிர மற்றதெல்லாம் போ' என்று ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுவார். ஆங்கிலப் பெயர்களுக்கு அது கச்சிதம். தமிழிலோ உயிர்மெய்க் குறிகளையும் மெய்ப்புள்ளியையும் பைத்தான் எழுத்தாக எண்ணாது. 'நெய்வேலி' 'நயவல' ஆகும். 'முருகன்' 'மரகன' ஆவார். தமிழுக்கான யூனிகோட் பகுதி முழுவதையும் விலக்குப் பட்டியலில் சேர்த்த பிறகே பெயர்கள் உயிர் பெறும். கண்ணுக்குத் தெரியாத சுழிய அகல இடைவெளி 'ஸ்ட்ரிப்'புக்குச் சிக்காது; ஆனால் இந்த எக்ஸ்பிரஷனில் அதுவும் போய்விடும்.

கூலி, டீயும் வாழைக்காய் பஜ்ஜியும். சுத்தமான பட்டியலைக் கமிட்டிச் செயலாளர் மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். "எல்லாம் சரிதான் தம்பி. பேரை மொட்டையாப் போட்டா மரியாதையா இருக்காதே... எல்லாத்துக்கும் முன்னால ஒரு திரு. போட்டுடேன்."