ஆசனவாய்ப் புற்றின் பெயர்வகை: பாவூர்சத்திரம் பாடம்

நுதலிய பொருள்: ஆசனவாயில் வரும் புற்றுநோய், வீட்டுத் திண்ணையில் புறப்பட்டு உலக சுகாதார நிறுவனத்தின் எண்ணாக முடிவதற்குள் எத்தனை பெயர் எடுக்கிறது என்பது. கேட்போர்: பாவூர்சத்திரத்தில் நின்று தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறும் நோயாளிகள், துணைக்குப் போகும் மருமகன்கள், சீட்டைப் படித்து எண் போடும் பிள்ளைகள். பயன் உரையின் நடுவே தானே விளங்கும்.

முதலாவது வீட்டுப் பெயர். அது ‘சூடு’. “உடம்பு சூடுதான் அண்ணாச்சி, வேற ஒண்ணுமில்ல” என்பது இதன் இலக்கணம். இது வெயிற்சூடு, கோழிக்கறிச் சூடு, நாளெல்லாம் கடையில் உட்கார்ந்த சூடு என மூவகைப்படும். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: மோரும் வெந்தயமும். சீசன் என்றால் கூடவே குற்றாலத்தில் ஒரு குளியல். ரத்தம் கண்டுவிட்டால் சூடு பதவி உயர்ந்து ‘மூலம்’ ஆகும். அப்போது சந்தையிலிருந்து கருணைக்கிழங்கும் வாய்க்கால் வரப்பிலிருந்து துத்தி இலையும் வீட்டுக்கு வரும். தொடை இடுக்கில் நெறி கட்டினால் அது தனி வழக்கு. காலில் முள் குத்தியிருக்கும் என்று பைசல் செய்துவிடுவார்கள். ஆசனவாய்ப் புற்று முதலில் பரவும் இடங்களில் அந்தத் தொடை இடுக்கும் ஒன்று. அதற்கென உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சி77.4 என்று ஒரு எண்ணே காத்திருக்கிறது. முள்ளுக்கு அந்த விவரம் தெரியாது.

இதற்குச் சித்தர்களைப் பழிப்பது தகாது. வகை பிரிப்பதில் பொதிகைக்காரர்கள் ஜெனீவாவுக்கு இளைத்தவர்களல்லர். மொத்த நோய் 4448 என்றது சித்த மரபு. மூலத்தை மட்டுமே 21 ஆகப் பிரித்தது யூகி வைத்திய சிந்தாமணி. அந்த 21ஐயும் நசுக்கி ஒன்றாக்கியது பிற்காலத்துக் கூச்சம். 2024 ஜனவரியில் ஆயுர்வேதம், சித்தா, யுனானி நோய்ப்பெயர்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் எண் வகுத்து வெளியிட்டது. ‘சூடு’ என்பவரிடம் “எங்கே?” என்று கேட்பதற்கு எந்தப் பதிப்பிலும் எண் இல்லை.

இரண்டாவது சுவர்ப் பெயர். பாலத்தடியிலும் மின்கம்பத்திலும் காண்க: மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல், ஒரே நாளில். கீழே செல்போன் எண். இதற்கு உரை வேண்டியதில்லை.

மூன்றாவது சீட்டுப் பெயர். நோயாளி மருத்துவர் முன் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, “மூலம் சார்” என்கிறார். வெளிநோயாளிச் சீட்டிலும் ‘மூலம்’ என்றே ஏறுகிறது. அந்தக் கணத்தில் அது கே64.9. (மூலம் முன்பு ஐ84 என்ற முகவரியில் ரத்த ஓட்ட அத்தியாயத்தில் குடியிருந்தது, 2010ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் செரிமான அத்தியாயத்துக்கு வீடு மாறியது. இருந்த இடத்திலேயே இருந்தது நோயாளி மட்டும்.) விரலால் பரிசோதித்துப் பார்க்காமல் எழுதிய ‘மூலம்’ நோய்ப்பெயர் அல்ல, நோயாளியின் வாக்குமூலம். அதற்கு நேர்மையான எண் கே62.5, அதாவது ஆசனவழி ரத்தப்போக்கு. காரணம் இன்னும் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் எண். கையுறை மாட்டிய இரண்டு நிமிடத்தில் தெரியக்கூடியதை மூன்று மாதக் களிம்பு மறைத்துவிடுகிறது என்பது இவ்வாசிரியன் கருத்து. மறுப்போர் உண்டு, அவர்களுக்கு அன்றைய ஓபி வரிசையின் நீளமே சாட்சி.

நான்காவது எண்பெயர். சதைத் துண்டு ஆய்வகம் போய்த் திரும்பியபின் பிறப்பது. குடும்பப் பெயர் சி21. இதில் நால்வர். சி21.0, ஆசனவாய், எந்த இடம் என்று சொல்லப்படாதது. பிற புற்றுகளில் பெரும்பாலும் ‘சொல்லப்படாதது’ கடைசி எண்ணான ஒன்பதில் உட்காரும். இங்கே பூஜ்யத்தில் உட்கார்ந்து வரவேற்கிறது. சி21.1, ஆசனக் குழாய். சி21.2, கருவில் சிலகாலமும் கோழியில் எக்காலமும் உள்ள பொதுவாயின் பெயர் கொண்ட பகுதி, எழுதுவோர் அரிது. சி21.8, மலக்குடலும் ஆசனவாயும் சேர்ந்து கெட்டு, எதில் தொடங்கியது என்று பிரிக்க முடியாதது. சர்வேயர் வந்துபோயும் கல் நடாத வரப்பு. வெளித்தோலில் வந்தால் குடும்பமே வேறு: சி44.5, உடற்பகுதித் தோல். மார்புத் தோலுக்கும் முதுகுத் தோலுக்கும் அது பங்காளி.

இவ்வளவு நுணுக்கம் எதற்கென்றால், ஒரு படி மேலே ஏறினால் சி20, மலக்குடல். இரண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான். மலக்குடலில் வருவது பெரும்பாலும் சுரப்பித் திசுப் புற்று; அறுவை அங்கே முக்கிய வைத்தியம். ஆசனக் குழாயில் வருவது பெரும்பாலும் செதிள் செல் புற்று. அதன் பின்னே நிற்பது பெரும்பாலும் ஹெச்பிவி, கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான அதே வைரஸ். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நார்மன் நைக்ரோ கதிர்வீச்சையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததை 1974இல் வெளியிட்டதிலிருந்து, இந்த நோயாளிகளில் பலருக்கு ஆசனவாயை எடுத்துவிட்டு வயிற்றில் பை கட்டும் நிலையே வருவதில்லை. ஆகவே “கீழே கட்டி” என்று எழுதிய சீட்டு அரைச் சீட்டு. ஆசன விளிம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், கட்டி இரண்டுக்குள்ளா, ஐந்தைத் தாண்டியதா, நெறி தட்டுப்பட்டதா, திசு எந்த வகை: இவை எழுதப்பட்டால்தான் எண் போடுபவருக்கு வேலை இருக்கிறது. எழுதாததை ஊகித்து எண் போட அவருக்கு உரிமை இல்லை.

ஐந்தாவது ஐயப் பெயர். ‘புற்றாக இருக்கலாம்’ என்பது. விலங்கியலோ நர்சிங்கோ படித்துவிட்டு, இரவில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கோப்புக்கு எண் போடும் நம்மூர்ப் பிள்ளைகள் இதில் வல்லவர்கள். அந்நாட்டு விதி விசித்திரமானது. வெளிநோயாளிக்கு ‘இருக்கலாம்’ என்று எழுதினால் புற்று எண் போடக்கூடாது; ரத்தம், வலி என்ற அறிகுறிக்கே எண். அதே ‘இருக்கலாம்’ படுத்திருந்து வீடு திரும்பும் உள்நோயாளியின் தாளில் இருந்தால், இருப்பதாகவே கொண்டு எண் போடலாம். ஐயத்துக்கு உறுதி தருவது கட்டில்.

ஆறாவது பழம்பெயர். வைத்தியம் முடிந்து, நோய் மிச்சமில்லை என்றால் சி21.1 நீங்கி, அமெரிக்கக் கணக்கில் இசட்85.048 வரவேண்டும். வைத்தியம் நடக்கும்போதே ‘புற்று இருந்தது’ என்று எழுதும் மருத்துவரும் உண்டு, முடிந்து ஐந்தாண்டு ஆனபின்னும் ‘புற்று இருக்கிறது’ என்று பழைய வரியை ஒட்டிக்கொண்டே போகும் மருத்துவரும் உண்டு. அங்கே எண்ணைப் பார்த்துக் காப்பீட்டுப் பணம் அளக்கப்படுவதால், இந்தக் காலமயக்கத்தைத் தணிக்கை ஆட்கள் பூதக்கண்ணாடியோடு தேடுகிறார்கள்.

ஏழாவது, எழுதியவரையே திருப்பிக் கேட்பது. சீட்டு விளங்காதபோது மருத்துவருக்கு வினாத்தாள் போகும். விடையை வாயில் ஊட்டும் கேள்வி கூடாது என்பது விதி. ஆகவே வாய்ப்புகளை வரிசையாகக் கொடுத்து, ‘வேறு’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்பவற்றையும் சேர்க்க வேண்டும். கட்டி இருக்கும் இடம் மலக்குடலா, ஆசனக் குழாயா, வெளித்தோலா என்று முறைப்படி கேட்டு அனுப்பினால், சில நாள் கழித்து, கையெழுத்தோடு ஒரே சொல்லில் பதில் வரும்: “ஆம்.” இதற்கு எண் வகுக்கப்படவில்லை.