74-ல் ஒரு தர்ணா

எங்கள் ஊரில் எடை குறைத்தவரைப் பாராட்ட மாட்டார்கள், துக்கம் விசாரிப்பார்கள். நான் 80 கிலோவிலிருந்து 74-க்கு இறங்கிய சமயம், மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்தி "சுகரா?" என்றார்கள். கல்யாண வீட்டில் தூரத்துச் சித்தி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "எந்த டாக்டர்ட்ட காட்டுற?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் நல்ல டாக்டர் ஒருவரின் விலாசத்தையும் சொன்னார். அப்புறம் எடை 74-ல் உட்கார்ந்துகொண்டது. விசாரிப்பும் நின்றது. ஊர் கவலையை விட்ட பிறகுதான் எனக்குக் கவலை பிடித்தது.

முதல் சில கிலோ சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தன. அந்தப் பெருமையில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. சோற்றைக் குறைத்தால், ஈரலும் தசையும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் முதலில் செலவாகும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது போனால் இதுவும் கூடவே போகும். நான் கொழுப்பைக் கரைத்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் பீற்றிக்கொண்ட வாரங்களில் வடிந்ததில் பாதி வெறும் தண்ணீராக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

எடை நின்றதும் வைத்தியர்கள் முளைத்தார்கள். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்றார் ஒருவர். வெறும் வயிற்றில் அருகம்புல் சாறு என்றார் இன்னொருவர். இதே கோஷ்டிதான் நடை முடிந்ததும் பருத்திப்பால் வண்டியைச் சுற்றி நிற்கும். "கருப்பட்டிதானம்மா, சீனியா என்ன?" கலோரி விஷயத்தில் கருப்பட்டிக்கும் சீனிக்கும் பெரிய பகை ஒன்றுமில்லை என்று சொல்லலாம். ஆனால் மறுநாள் தனியாகத்தான் நடக்கவேண்டி வரும்.

என் மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்று 1958-ல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியதை உலகமே பிடித்துக்கொண்டது. அதன்படி தினம் 500 கலோரியைக் குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ போகவேண்டும். அப்படியே போய்க்கொண்டிருந்தால் மூன்று வருஷம் சொச்சத்தில் நான் இருக்கவே மாட்டேன். புடவை மட்டும் நடந்து வரும்.

உடம்பு அந்தக் கணக்கைப் படிக்கவில்லை. வரும்படி குறைந்தது தெரிந்ததுமே தேவையில்லாத அறைகளில் விளக்கை அணைக்கும் பழைய காலத்துக் குடும்பத் தலைவி அது. உடல் சிறுத்தால் அதை நடத்தும் செலவு குறையும். அதற்கு மேலும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்து கெவின் ஹால் குழுவினர் பரிசோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்குப் போன எடை திரும்பி வந்திருந்தது. ஆனால் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி, அவர்கள் உடல்வாகுக்கு இருக்கவேண்டியதைவிட நாளுக்குச் சராசரி 500 கலோரி குறைவாகவே நின்றிருந்தது. அவர்கள் இறக்கியது என் ஆறு கிலோவைப்போலப் பல மடங்கு. எனக்கு அவ்வளவு கொடுமை இருக்காது என்று தேற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

அங்கே என் அத்தை தோசை சுட்டுக்கொண்டிருந்தார். கல்லில் மாவு வட்டம் விரிந்ததும் எண்ணெய்த் தூக்கிலிருந்து ஓரம் முழுக்க ஒரு சுற்று, நடுவில் ஒரு புள்ளி, திருப்பிப் போட்டதும் மனசு கேட்காமல் இன்னும் அரைச் சுற்று. சொர்ர்ர் என்ற சத்தம் அடங்கும்வரை கை விலகாது. அடுத்த தோசைக்கான எண்ணெயை முன்கூட்டியே வாங்கி அளந்து பார்த்தேன்: முழுசாக ஒரு மேஜைக்கரண்டி. 14 கிராம், கிராமுக்கு 9 கலோரி, ஏறக்குறைய 120. மூன்று தோசை என்றால், மாவும் சட்னியும் கணக்கில் வராமலே, காலையில் ஒரு மணி நேரம் நடந்ததை விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். 80 கிலோவில் இந்த எண்ணெயையும் தாங்கிக்கொண்டு இளைக்க முடிந்தது. 74-ல் அந்தச் சலுகை தீர்ந்துபோயிருந்தது.

"அத்தை, எண்ணெய் கொஞ்சம் கம்மியா…"

"ஏத்தா, எண்ணெ ஊத்தாமச் சுட்டா அது தோசையா, வரட்டியா?"

பேச்சுவார்த்தை தோசைக்கு ஒரு தேக்கரண்டியில் முடிந்தது. மற்றபடி பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை. காலையில் இரண்டு முட்டை, சாயந்திரம் முறுக்குக்குப் பதில் சுண்டல். கொழுப்போடு தசையும் கரைந்துவிடக் கூடாதே என்று தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்கினேன். வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "குடிக்கவா, குளிக்கவா?" என்றார்.

எடைக் கருவி அப்போதும் அசையவில்லை. முதல் நாள் கருவாட்டுக் குழம்பு என்றால் மறுநாள் ஒரு கிலோ கூடவே காட்டும். உப்பு வந்தால் தண்ணீர் தங்கும். ஆனால் கருவி காட்டாத சங்கதியை முதலில் கண்டுபிடித்தது எங்கள் டெய்லர் அண்ணன். ரவிக்கையைத் திருப்பிப் போட்டு, உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் தையல்களை விரலால் எண்ணினார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் பிரித்துவிட்ட கோடுகள் அவை. என் உடம்பின் சரித்திரம் அவருக்குத்தான் தெரியும்.

"ரெண்டு தையல் உள்ள போகுதும்மா. இன்னும் குறைவீங்களா? அப்படின்னா இந்த உள்துணி எதுக்கு, வெட்டி விட்ருவமா?"

"வெட்டிறாதீங்கண்ணே," என்றேன் பதறிப்போய். "அடுத்த மாசம் தீபாவளி."