இப்ப நாம நிக்கிறது ஹால்

"வாங்க சார், வீட்டைச் சுத்திக் காட்டறேன்" என்று எங்கள் தெருவில் ஒருவர் கூப்பிட்டால், நல்ல பிடிமானமுள்ள செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போங்கள். வீடு இன்னும் வரவில்லை. சரிவு மட்டும்தான் இருக்கிறது.

பழைய வீடு ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. மங்களூர் ஓடு, சிவப்புச் சிமெண்டுத் தரை, கரிபிடித்த கணப்படுப்பு. அதை இவர் காட்டமாட்டார். அதில் அவர் மனைவி சமைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். இவர் காட்டப்போவது அதை ஒரு பக்கம் இடித்து, மறுபக்கம் நீட்டி, அடியில் தோண்டி, தலையில் ஏற்றி, வரப்போகிற வீட்டை.

"இப்ப நாம நிக்கிறது ஹால்" என்பார். நாம் நிற்பது உண்ணிச்செடி மண்டிய மண்சரிவு. ஒரு கால் மேலே, இன்னொரு கால் ஒன்றரை அடி கீழே. அந்த நிலையில் நின்றுகொண்டு ஹாலை ரசிக்கவேண்டும். "பெரிசா இருக்குல்ல?" இருக்கிறது. குன்னூர் பாதி தெரிகிறது.

"அப்படியே வலது பக்கம் திரும்பினா டைனிங்."

நீங்கள் திரும்பி ஓர் அடி எடுத்து வைப்பீர்கள். "சார், சார்! அங்க சுவர் இருக்கு. கதவு வழியா வாங்க." மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, காட்டிய இடம் வரை ஏறி, அங்கிருந்து இறங்கி, டைனிங்கை அடையவேண்டும். கதவு மூன்றரை அடி. கொஞ்சம் கனத்த விருந்தாளி வந்தால் இவரே ஒதுங்கி நின்று வழி விடுவார். எல்லோரும் நுழைந்த பிறகு பின்னால் கையை நீட்டி எதையோ இழுப்பார். கதவைச் சாத்துகிறார். குளிர் உள்ளே வந்துவிடுமாம்.

பூஜை அறைக்குச் செருப்பைக் கழற்றவேண்டும். சேற்றில்தான். சங்கடம் என்னவென்றால், அடுத்த முறை போகும்போது பூஜை அறை அங்கே இருக்காது. போன முறை கைகூப்பி நின்ற இடத்தில் இந்த முறை வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும். பழைய ஞாபகத்தில் செருப்பைக் கழற்றினீர்களோ, "ஐயய்யோ, பாத்ரூம்ல யாராவது வெறுங்காலோட வருவாங்களா?" என்பார். எந்த வாரத்துக் குடியிருப்பு நடப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. எங்கள் தெருவில் தபால்காரர் உட்பட எல்லோருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

படிக்கட்டு ஏறுவதும் உண்டு. வெறும் மண்ணில், இருந்த இடத்திலேயே நாலு தடவை முழங்காலைத் தூக்கி வைத்து, "ஆச்சு, மாடி" என்பார். கூடவே நாமும் தூக்கி வைத்தால் சந்தோஷப்படுவார். தூக்காமல் அப்படியே நடந்து வந்த ஒரு மருமகனோடு இவர் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் பால்கனி. இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். "இன்னும் ரெண்டடி முன்னால வாங்க சார், அப்பதான் பக்காசூரன் மலை முழுசாத் தெரியும்." அந்த இரண்டடிக்கு அப்பால் நிலம் இல்லை. இவருடைய பால்கனிக்கும் பூமிக்கும் நடுவில் இருப்பது என் சமையலறைக் கூரை. விருந்தாளிகள் ஒவ்வொருவராக விளிம்புக்கு வந்து மலையைப் பாராட்டும்போது, கீழே நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கைப்பிடியில் சாய்வதாக நினைத்து ஒருவர் சாய்ந்தால் போதும், என் சாம்பாரில் வந்து விழுவார்.

இவர் ஒருவர் அல்ல. கோத்தகிரியில் இருக்கிறார், ஏற்காட்டில் இருக்கிறார், கொடைக்கானலில் கட்டாயம் இருக்கிறார். சமவெளியில் முப்பது வருடம் தட்டை நிலத்தில் குடியிருந்து, ஓய்வு பெற்ற கையோடு மலையில் பழைய வீடு வாங்கியவர். மலை பிடித்துத்தான் வாங்கினார். வாங்கிய மறுநாளிலிருந்து அதை மட்டம் பண்ண முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதற்குக் காகிதமும் ஓரளவு காரணம். கல்யாணப் பத்திரிகையின் முதுகில், மருந்துச் சீட்டில், ஹோட்டல் பில்லில் எல்லாம் பிளான் போடுவார். பிளானில் சரிவு தெரியாது. சரிவு நிலத்தில் பிளானை விட முக்கியம் செக்ஷன். வீட்டை நெடுக வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கிற படம். எந்த அறை எந்த உயரத்தில் உட்காருகிறது, எங்கே வெட்டுகிறோம், எங்கே நிரப்புகிறோம் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பாதி வீடு வெட்டிய தரையிலும் பாதி வீடு நிரப்பிய மண்ணிலும் உட்கார்ந்தால், நிரப்பிய பக்கம் மெல்ல இறங்கி நடுவில் விரிசல் விடும் என்பது இங்கே சித்தாளுக்குக்கூடத் தெரியும். பழைய வீட்டைக் கட்டியவர்கள் அதனால்தான் சரிவின் போக்கிலேயே போய், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் மூன்று படி வைத்தார்கள். இவருக்கு அந்த மூன்று படிதான் ஜன்ம விரோதி. இன்ஜினியர் செக்ஷன் போட்டுக் கொண்டுவந்தால், "இதுல என்ன சார், வீடு கோணலாத் தெரியுது" என்று தள்ளி வைத்துவிடுவார்.

ரோட்டிலிருந்து வீட்டுக்கு நாற்பத்திரண்டு படி இறங்கவேண்டும். படிக்கு அரை அடி என்றால் இருபத்தோரு அடி இறக்கம். இதைச் சாய்தளமாக்கிக் கார் வீட்டு வாசலுக்கே வரவேண்டும் என்பது இவர் தீர்மானம். கையிலிருப்பது அறுபதடி நீளம். அதாவது மூன்றடிக்கு ஓரடி சரிவு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம்முடைய மலை ரயில், ஏறத்தாழ பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றத்துக்கே தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் வைத்து, அதைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கி ஏறுகிறது. 1899-லிருந்து அப்படித்தான் ஏறுகிறது. இன்ஜினியர் இதைச் சொன்னபோது இவர் யோசித்துவிட்டு, "அப்ப நாமளும் பல் வைக்கலாமா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடச் சொன்னார்.

உயரத்தில் இன்னொரு தகராறு. மலைப்பகுதிக்கென்று 1993-ல் போட்ட கட்டட விதிகள் ஏழு மீட்டருக்கு மேல் போகாதே என்றன. "எங்கிருந்து ஏழு மீட்டர்?" என்று கேட்டுவிட்டு இவரே பதிலும் வைத்திருக்கிறார். "ரோட்டிலிருந்து பார்த்தா என் வீடு மைனஸ்ல இருக்கு சார். இன்னும் பூஜ்யத்துக்கே வரலை." வாஸ்துவைப் பற்றி ஒரு வரி போதும்: ஈசானியம் தாழ்ந்து நைருதி உயரவேண்டும், இவர் நிலம் நேர் எதிராகச் சாய்ந்திருக்கிறது, வாஸ்துக்காரர் வந்து பார்த்துவிட்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இந்த மனிதரை முழுக்க வெறுக்கவும் முடிவதில்லை. ஹால் நகர்ந்திருக்கிறது, பூஜை அறை ஊரைச் சுற்றியிருக்கிறது, மாடிப்படி நாலு திசையிலும் ஏறியிருக்கிறது. இத்தனை மாற்றத்திலும் இடம் மாறாதது ஒரு நாற்காலி. கிழக்கு ஜன்னலோரம். "இது அவ உட்கார்ற இடம் சார். எழுந்திரிக்காமலே அடுப்பும் தெரியும், வாசலும் தெரியும்." அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி. நாற்பத்திரண்டு படியையும் பக்கவாட்டில்தான் இறங்குவார், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நிதானித்து. அவர் இறங்கி முடிக்கும்வரை இவர் மேலே பையோடு நிற்பார். முன்னால் போகமாட்டார், அவசரப்படுத்தவும் மாட்டார். மட்டப் பைத்தியத்துக்கு மூலம் அங்கே இருக்கிறது என்று மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த அம்மாளிடம் என்ன வேண்டும் என்று இவர் ஒரு தரமாவது கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு நொடியில் பதில் கிடைத்திருக்கும். துணி காயப்போட இடம். மூட்டம் இறங்கினால் எங்கள் ஊரில் ஒரு வேட்டி காய மூன்று நாள் ஆகும். கல்யாணப் பத்திரிகை முதல் ஹோட்டல் பில் வரை எந்தப் பிளானிலும் துணிக்கொடி கிடையாது.

வேடிக்கை இத்தோடு போதும். நான் இவருக்குக் கீழ் வீட்டுக்காரன், எனக்கு ஒரு புகார் இருக்கிறது.

வீட்டுக்கு அடியில் இரண்டு அறை எடுக்கலாம் என்று தோண்டினார். ஜேசிபி வைக்க ஆட்சியரிடம் அனுமதி வாங்கவேண்டும் என்பதால் ஆள் வைத்துத் தோண்டினார். "கட்டடமெல்லாம் இல்ல சார், சும்மா கிளீனிங்." தோண்டிய மண்ணைத் தலைச்சுமையாக நாற்பத்திரண்டு படி ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுபோகக் கூலி கேட்டார்கள். கூலியைக் கேட்டதும் அந்த மண்ணுக்கு வேலை வந்துவிட்டது. கீழ்ப்பக்கச் சரிவில் கொட்டி அதற்கு லான் என்று பெயர் வைத்தார். வெட்டுமுன் இறுகிக் கிடந்த மண், வெட்டியபின் பொலபொலத்துக் கூடுதல் இடம் கேட்கும். மழை நனைத்தால் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். குன்னூருக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனார்கள். அதைப் பார்த்தவர்கள் யாரும் தளர்ந்த மண்ணைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கமாட்டார்கள்.

நான் சத்தம் போட்டதும் பத்தடி உயரத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டினார். நல்ல சுவர், குறை சொல்லமுடியாது. மேஸ்திரி முறைப்படி பின்னால் ஜல்லி போட்டு, வரிசையாகக் குழாய் வைத்துத் தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டிருந்தார். இவர் வந்து பார்த்தார். "புதுச் சுவர்ல எதுக்குய்யா ஓட்டை? பாக்க அசிங்கமா இருக்கு, பூச்சி வரும்" என்று எல்லாவற்றையும் சிமெண்டு வைத்துப் பூசச் சொல்லிவிட்டார்.

தடுப்புச் சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் பின்னால் தேங்குகிற தண்ணீர்தான். மூன்று மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிரம்பினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது நாலரை டன் எடையோடு தள்ளும். மண் தள்ளுவது தனிக் கணக்கு. இதை எழுதியும் காட்டினேன். இவர் காகிதத்தைத் திருப்பினார், முதுகு காலியாக இருந்தது, அதில் ஒரு பிளான் போட்டார். ஒரு மனிதனுக்குத் தன் வீட்டைப் பற்றி எத்தனை கனவும் இருக்கலாம். கீழே ஒரு குடும்பம் படுத்துத் தூங்குகிறது என்பது பிளானில் வராது என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது. இதை நான் அவரிடம் சொல்லியாயிற்று, இங்கேயும் சொல்கிறேன்.

கடைசியில் காரியம் நடந்தது சமையலறையிலிருந்து. இவர் பேத்தி காதுகுத்துக்குச் சென்னை போயிருந்தார். முழங்கால் வலியென்று அம்மாள் போகவில்லை. நிஜமாகவே வலியா என்று நான் விசாரிக்கவில்லை. மறுநாள் காலையில் சுவரில் உளிச் சத்தம் கேட்டது. மேஸ்திரி ஒவ்வோர் ஓட்டையாகத் திறந்துகொண்டிருந்தார். "அம்மாதான் சொன்னாங்க சார். கூலியும் அவங்கதான்." அதே கூலியில் சுவரின் தலைப்பில் இரண்டு இரும்புக் குழாய் நட்டு, நைலான் கயிறு கட்டினார்கள். கயிறு, நடப்பில் இருந்த குடியிருப்பின்படி, ஹாலை இரண்டாக வெட்டிக்கொண்டு போயிற்று. அன்று மத்தியானமே அதில் நாலு புடவை ஏறியது.

இவர் திரும்பி வந்து பார்த்தார். ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தடுப்புச் சுவர்னா மூச்சு விடணும் சார். இந்த ஓட்டையெல்லாம் சும்மா இல்ல. நான்தான் மேஸ்திரிகிட்ட சொல்லி வைக்கச் சொன்னேன்."

பிறகு ஈரப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, அந்தக் குடும்பத்தை ஒவ்வொருவராகக் குனியவைத்து உள்ளே அனுப்பினார்.

"தலை, தலை, பாத்து வாங்க. இது பார்ட்டிஷன்."