மீதியை மறைத்த கருணை

சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையத்தை வாயாரப் புகழ வேண்டும். பயணிகளின் மனக்கவலையைக்கூடத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட நிர்வாகம் வேறெங்கே உண்டு? கட்டணம் எவ்வளவு பிடித்தார்கள், அட்டையில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால்தானே கவலை? காட்டாமலே விட்டால் நிம்மதி. 2024 ஜனவரி 9 அன்று எங்களுக்கு அறிவிக்கப்பட்ட அருள் இதுதான்.

2002இல் வந்த ஈசி-லிங்க் அட்டை எங்களைக் கெடுத்து வைத்திருந்தது. பேருந்தைவிட்டு இறங்கும்போது தட்டினால் போதும், பிடித்த தொகையும் மீதியும் திரையில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்து, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு விடுதி திரும்பும் கட்டுமான ஊழியர் அந்த மீதியைப் பார்த்துத்தான் வாரத்துக்கு எத்தனை வெள்ளி நிரப்புவது என்று முடிவெடுப்பார். பேரனைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் எண் தெரியும். யாரையும் கேட்காமல் தனியாகச் சந்தைக்குப் போய்வர அவருக்கு அந்த எண்ணே துணை.

இப்படிக் காசுக்குக் காசு கணக்குப் பார்க்கும் சிறுமையிலிருந்து எங்களை மீட்க வந்தது சிம்ப்ளிகோ என்னும் புதிய முறை. கணக்கு இனி அட்டையில் இருக்காது, எங்கோ ஒரு கணினியில் இருக்கும். அங்கே கேட்டுவந்து திரையில் காட்டச் சில விநாடி கூடுதலாகும், வாயிலில் நெரிசலாகும் என்றார்கள். எங்கள் நேரத்தின் அருமையை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள்! மிச்சப்படுத்திய விநாடிகள் வீணாகாதபடி, செயலியை இறக்கி, பதிவுசெய்து, அட்டையை அதில் இணைத்து, மீதியைத் தேடிப் பார்க்கும் வேலையையும் கொடுத்தார்கள். பழைய அட்டையால் கார் நிறுத்துமிடக் கட்டணமும் செலுத்த முடிந்தது, புதியதால் முடியவில்லை. ஓர் அட்டை இரண்டு வேலை பார்த்துக் களைப்பதைக்கூடப் பொறுக்காத இளகிய மனம்.

ஜூன் 1 முதல், சிம்ப்ளிகோவுக்கு மாற்றாத ஈசி-லிங்க் அட்டைகளும், அவற்றைப் போன்ற நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளும் பயணத்துக்குச் செல்லாது என்று நாளும் குறித்தார்கள். பழைய முறையின் ஆயுள் முடிகிறது என்பது உண்மையான காரணம்தான். அதற்காக, மீதியைக் காட்டும் திரை யாருக்கெல்லாம் தேவை என்று முன்கூட்டியே பயணிகளிடம் கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை பாருங்கள், அந்த நாகரிகத்தைச் சொல்ல வேண்டும். கேட்காமலே மக்கள் சொன்னார்கள், உரக்கவே சொன்னார்கள். ஜனவரி 22 அன்று முடிவு திரும்பப் பெறப்பட்டது. பழைய முறையை 2030 வரையாவது ஓட்ட, கூடுதலாக 4 கோடி வெள்ளி. பத்துக் காசு குறைகிறதா என்று பார்க்கும் பாட்டியின் கேள்விக்கு அத்தனை கோடியில் பதில் சொன்ன தாராளம் யாருக்கு வரும்?

எல்லாப் புகழுக்கும் மேலான புகழ், அந்த இரண்டு வாரத்தில் அறிவிப்பை நம்பி, வரிசையில் நின்று, முந்திக்கொண்டு அட்டையை மாற்றியவர்களுக்குச் செய்த மரியாதை. சொன்னபடி கேட்ட அவர்களுக்குத் திரையில் மீதி மறைந்தது. சொன்னதைக் காதில் வாங்காமல் சும்மா இருந்தவர்களுக்கு அது முன்போலவே தெரிந்துகொண்டிருந்தது.