பன்றிக்கு ஒரு மைல்கல்

ராக்கி மலைப் பனியில் பருவக் கடைசி எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர் உரிமம், வரைபடம், கூடாரம் என்று மாதக்கணக்கில் தயாராகிறார். தமிழகத்தின் பந்தல்குடிப் பக்கம் தயாராக வேண்டியது காட்டுப்பன்றிதான். 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த விதிப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறை சுடலாம். கண்மாயில் மண்டிய சீமைக்கருவேல முள்ளுக்குள் பகலெல்லாம் படுத்துவிட்டு, இருட்டியதும் மக்காச்சோளத்தில் இறங்கும் பன்றிக்கு இந்தக் கணக்கு எட்டவில்லை. விவசாயிக்கு எட்டியிருக்கிறது, துப்பாக்கிதான் இல்லை. எனவே அவருடைய வேட்டை ஆயத்தம் ஒரு மனு, ஒரு பேனா, நிறையப் பொறுமை. கதிருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

விவசாயியே பார்த்துக்கொள்ளட்டுமே என்றால், அவுட்டுக்காய் என்னும் வெடி இரை வரும், திருட்டு மின்வேலி வரும். இரண்டுமே பன்றியா, பசுவா, பக்கத்துக் காட்டுக்காரரா என்று விசாரிப்பதில்லை. ஆகவே துப்பாக்கி அரசிடம் இருப்பது நியாயமே. அது வயலுக்கு வந்து சேரும் வேகம்தான் வழக்கு. வந்து சுட்டாலும், 1972 வனவிலங்குச் சட்டப்படி செத்த பன்றி அரசுச் சொத்து. மக்காச்சோளம் தின்றுகொண்டிருந்தபோது அது யாருடையது என்று அந்தச் சட்டம் வாய் திறப்பதில்லை.