பதுளைத் தோட்டங்களில் ‘பெரச்சன’: ஒரு சொல்லாராய்ச்சி

கேள்வி என்று பொருள்படும் வடமொழிப் ‘பிரச்ன’வின் வழிவந்த ‘பிரச்சினை’, பதுளை, பசறை, அப்புத்தளை மலைகளில் ஏறுவதற்குள் கேள்வியைத் தவறவிட்டுத் தொல்லையை மட்டும் சுமந்து வந்திருக்கிறது. ஊவாவின் சிங்களத்திலோ ‘பிரஷ்னய’ இரண்டையும் விடாமல் வைத்திருப்பதால், பரீட்சை வினாவுக்கும் வீட்டுச் சண்டைக்கும் அங்கே ஒரே பெயர். எழுதுவது ‘பிரச்சினை’யா, ‘பிரச்சனை’யா என்று புலவர்கள் முடிவுக்கு வராதிருக்க, லயத்து வழக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் பேச்சு, ‘பெரச்சன’ என்று அவ்விவாதத்தை முடித்துவைத்தது.

இச்சொல் பெரும்பாலும் அடைமொழியோடு வரும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் யார் குடம் முந்தியது என்பதில் எழுவது தண்ணிப் பெரச்சன. ‘பேர்’ என்பது செக்ரோல் என்னும் தோட்டப் பதிவேட்டில் பதியப்படும் ஒரு நாட்சம்பளம் ஆதலால், கொழுந்து நிறை குறைந்ததென்று கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடும் மாலையில் எழுவது பேர்ப் பெரச்சன. இதன் முதிர்ந்த வடிவமே சம்பளப் பெரச்சன. பிரச்ன உபநிடதத்தில் கேள்வி கேட்க வந்த அறுவரையும் பிப்பலாத முனிவர் ஓராண்டு தவமிருந்துவிட்டு வரச் சொன்னார். 2016-க்கு முன்பே எழுந்த 1000 ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கையோ, கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளைக் கடந்து 2021-இல் சம்பள நிர்ணய சபையின் வழியாகவே நிறைவேறியது என்பதால், முனிவரைக் கறாரானவர் என்று சொல்வதற்கில்லை.

அடைமொழி எப்போது உதிர்கிறது என்பதே இவ்வாராய்ச்சியின் மையம். தொல்லை சிறிதாயின் அடை நீள்கிறது: மூத்த மருமகளின் கோழிப் பெரச்சன என்பதில் உறவு, உயிரினம் இரண்டும் விளங்கிவிடுகின்றன. தொல்லை பெரிதாகுந்தோறும் அடை குறுகி, பதுளை நகரிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்த 1983 ஜூலையைச் சுட்டுமிடத்தில் முற்றாக மறைய, ‘பெரச்சனைக்கு முந்தி’, ‘பெரச்சன நேரம்’ என்று மூத்தோர் சொல்கையில், எந்தப் பிரச்சினை என்று கேட்பவர் வெளியூரார் என்று உடனே அறியலாம். ‘கலவரம்’ என்ற சொல் கைவசம் இருந்தும், அக்கம்பக்கத்துக் காதுகளை எண்ணி இந்த மெல்லிய சொல்லே விரும்பப்பட்டது போலும்.

எதிர்மறை வடிவமான ‘பெரச்சன இல்ல’ தனியே ஆராயத்தக்கது. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழையாக இருப்பதாலும், எழுதுவினைஞர் விடுமுறையில் இருப்பதாலும் அடுத்த மாதம் வருமாறு அலுவலகத்தில் பணிக்கப்படுபவர், பஸ் கட்டணத்தை மனத்துக்குள் கூட்டிக்கொண்டே, இதையே மறுமொழியாகச் சொல்கிறார்.