பந்தடிக்கச் சம்பளம்

செர்காமில் பந்தாட்டத்தைப் பற்றிக் கருத்து இல்லாத ஆள் கிடையாது; பந்தடிக்கத் தெரிந்த ஆள்தான் குறைவு. நான் கருத்துக் கட்சி. உம்பாய்க்கு ஈக்கான் பாக்கார் சாப்பிடப் போகிறவர்களின் கார்கள் பாதையை அடைத்துக்கொள்ளும் சனிக்கிழமை இரவுகளில், நாங்கள் நாலு பேர் கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு தே தாரிக்கோடு மலேசிய லீக்கைத் திருத்துவோம். லீக் இன்னும் திருந்தவில்லை. தே தாரிக் விலைதான் ஏறியிருக்கிறது.

இந்தச் சபைக்குள் அமெரிக்கா நுழைந்தது 2023இல். அக்கா மகன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போயிருந்தான். அங்கே பகல் 12 மணிக்கு ஆட்டம் தொடங்கினால் நமக்கு நள்ளிரவு 12. “மாமா, பாருங்க! ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்கார்ற ஸ்டேடியம்!” என்று வீடியோவில் கத்துவான். எங்கள் ஹங் ஜெபாட் ஸ்டேடியத்துக்கே 40,000 பேர்தான் கணக்கு. அதுவும் நிறைந்தால்.

ஆட்டத்தைப் பார்த்தேன். பெயர் ஃபுட்பால், காலுக்கு வேலை எப்போதாவதுதான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான், எட்டுப் பேர் மேலே விழுகிறார்கள், விசில். தோட்டத்தில் சர்வேயர் நிலம் அளப்பதுபோல் இரண்டு பேர் சங்கிலியோடு ஓடிவந்து, பத்து கஜம் ஆயிற்றா என்று பார்க்கிறார்கள். நாலு தரம் முயன்றும் ஆகாவிட்டால் பந்து எதிராளிக்கு. பிறகு விளம்பரம். 60 நிமிட ஆட்டம் இப்படி மூன்றரை மணி நேரம் நீளுகிறது.

ஆனால் அந்த சீசன் கதை எங்கள் கடைப் பேச்சுக்கு அளவெடுத்துத் தைத்தது. பயிற்சியாளர் ஜிம் ஹார்போ வழக்கமான சீசனின் முதல் மூன்று ஆட்டங்களுக்கு வரக்கூடாது என்று பல்கலைக்கழகமே நிறுத்தி வைத்தது. கடைசி மூன்றுக்கு வரக்கூடாது என்று லீக் நிறுத்தி வைத்தது. எதிரணிப் பயிற்சியாளர்கள் ஓரத்தில் நின்று காட்டும் சைகைகளை முன்கூட்டியே ஆள் அனுப்பிப் படம் பிடித்தார்கள் என்பது லீக்கின் புகார். சமையல்காரர் பாதி நாள் வராமலேயே விருந்து நடந்தது: 15 ஆட்டம், 15 வெற்றி. 2024 ஜனவரி 8ஆம் தேதி வாஷிங்டன் அணியை 34க்கு 13 என்று மடக்கி தேசியச் சாம்பியன். அதே மாதம் ஹார்போ வேறு வேலைக்குப் போய்விட்டார்.

எல்லாம் கேட்டுவிட்டு, தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் செக்ரோல் எழுதிய கிராணி அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்: “அந்தப் பையன்களுக்கு கஜி எவ்வளவு தம்பி?”

“கஜி இல்லண்ணே. மாணவர்கள்.”

“கோச்சுக்கு?”

அலபாமாவின் நிக் சேபன் ஆண்டுக்கு 1.1 கோடி டாலருக்கு மேல் வாங்கினார் என்றேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பால் வெட்டியவனுக்கு ஒன்றுமில்லை, மண்டோருக்குக் கோடி என்கிற செக்ரோலை அவர் வாழ்நாளில் எழுதியதில்லை. 2021 ஜூலையில்தான் மாணவர்கள் விளம்பரத்தில் நடித்துக் காசு பார்க்கலாம் என்று விட்டார்கள். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுக்கலாம். நூறு வருஷத்துக்கு மேல் பந்தடித்த பிறகு சம்பளத் தேதி வந்திருக்கிறது.

நம் நாட்டிலும் ஒரு பல்கலைக்கழகம் பெரிய லீக்கில் ஆடியது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், யூஐடிஎம். பக்கத்து மெர்லிமாவிலேயே அதன் வளாகம் இருக்கிறது. 2019இல் இரண்டாம் படியான பிரீமியர் லீக்கில் ஐந்தாம் இடம். அதற்கே மேல் படியான சூப்பர் லீக் கிடைத்தது. அதற்கு மேலே வந்தவற்றில் சில பெரிய கிளப்புகளின் பிள்ளை அணிகள். தகப்பனோடு ஒரே லீக்கில் ஆடக்கூடாது என்பது சட்டம். 2020இல் சில ஆட்டங்களிலேயே கோவிட் வந்து கதவைச் சாத்தியது. ஆகஸ்டில் மறுபடி தொடங்கி, ஆளுக்கு 11 ஆட்டத்தோடு முடித்தார்கள். ஜெர்மனிக்காரர் ஃபிராங்க் பெர்ன்ஹார்ட் பயிற்சியில், 12 அணிகளில் ஆறாவதாக வந்தது யூஐடிஎம்.

பூமிபுத்ராக்களுக்கான பல்கலைக்கழகம் அது. எஸ்.பி.எம்.மில் எத்தனை ஏ எடுத்தாலும் நம் வீட்டுப் பிள்ளைகளின் மனு அங்கே போகாது. அந்த ஜெர்சியில் லெபனான்காரர் ரபி அத்தாயா ஓடினார். மனுவைக் காலால் நிரப்பினால் வழி உண்டு போலிருக்கிறது என்றேன். கடையில் சிரித்தவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் தே தாரிக்கைக் கலக்கினார்கள்.

மறு வருஷமே யூஐடிஎம் கடைசி இடத்துக்குப் போய்க் கீழே இறங்கியது. படிக்கிற அணியின் கதை அப்படி. படித்து முடித்த, முழு நேரத் தொழிலாகப் பந்தடிக்கும் அணிகளின் கதை என்ன? அதே 2020இல் போலீஸ் அணி ஓர் ஆட்டமும் ஜெயிக்கவில்லை. இரண்டைச் சமன் செய்து இரண்டு புள்ளி சேர்த்தது, அதில் மூன்று புள்ளியை வெட்டிவிட்டார்கள். சீசன் முடிவில் கையிருப்பு மைனஸ் ஒன்று. சும்மா வீட்டில் இருந்திருந்தால் பூஜ்யமாவது மிஞ்சியிருக்கும். எங்கள் மலாக்கா யுனைடெட்? 2016இல் பிரீமியர் லீக் சாம்பியன், 2017இல் சூப்பர் லீக், பிறகு சம்பளப் பாக்கி, புள்ளி வெட்டு. 2023க்கு உரிமமே கிடைக்கவில்லை.

ஆகக் கணக்கு இதுதான். அமெரிக்காவில் மாணவன் என்று பெயர், இப்போது சம்பளம் வருகிறது. இங்கே தொழில்முறை ஆட்டக்காரன் என்று பெயர், சம்பளம் வரவில்லை. “தோட்டத்துல கஜி ரெண்டு நாள் பிந்தினா ஆபீஸ் வாசல்ல கூட்டம் நிக்கும்,” என்றார் கிராணி அண்ணன். “இவனுங்க எப்படி லா பந்தடிச்சானுங்க?”

இதை அப்படியே அக்காவிடம் சொன்னது என் வாய்க்கொழுப்பு. எஸ்.பி.எம். வருஷத்தில் மகனின் பூட்ஸை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தவள் அவள். பாடாங் பக்கம் தலை தெரிந்தால் துடைப்பம் பறக்கும். மிச்சிகனில் பந்தடிக்கிறவனுக்குக் காசு கொடுக்கிறார்கள், பாடம் படிக்கிறவனிடம் வாங்குகிறார்கள் என்று கேட்டதும், மகன் அனுப்பிய கட்டண பில்லை ஒரு தரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“ஏன்டா, அங்க பந்து ஆளுங்களுக்கு இன்னும் ஆள் எடுக்குறாங்களா?”